பெயர் இப்போது, கத்தி எப்போது? ஊடுபால் குழந்தையின் பெற்றோர் முன் உள்ள வழிகள்

குழந்தை பிறந்த செய்தி வெளியே போனதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: என்ன குழந்தை? பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடிகூட ஆவதில்லை. ஏறத்தாழ 4,500 பிறப்புகளுக்கு ஒன்றில் மட்டும் மருத்துவர் தயங்குவார். வெளிப் பிறப்புறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிவிட முடியாதபடி அது இருக்கும். சோதனைகள் எடுக்கவேண்டும், சில நாட்கள் பொறுங்கள் என்பார். அந்தச் சில நாட்களில் தொலைபேசி ஓயாமல் அடிக்கும், பிறப்புப் பதிவுப் படிவம் காத்துக்கிடக்கும், தாய்க்கும் தகப்பனுக்கும் தூக்கம் இருக்காது. அப்போதுதான் யாராவது ஒருவர், பல நேரம் அன்பினாலேயே, "ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுவார்.

அந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பிள்ளைக்கு எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. என் நிலையை மறைக்கவில்லை. குழந்தைக்கு ஒரு பெயரையும் ஒரு பாலையும் இப்போதே சொல்லலாம். பின்னால் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். உடம்பில் கத்தி வைப்பது அப்படியல்ல. இரண்டும் ஒரே முடிவு என்று பெற்றோரை நம்பவைத்ததில்தான் எத்தனையோ பேருடைய துயரம் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஊடுபால், மருத்துவமனையில் இன்டர்செக்ஸ் என்று சொல்வது, தனி ஒரு நோயல்ல. குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு ஆகிய நான்கும் எல்லோருக்கும் ஒரே திசையில் வளர்வதில்லை. அப்படி வளராத பலவகை உடலமைப்புகளுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. சில பிறந்தவுடன் தெரியும். சில, பருவ வயதில் மாதவிடாய் வராதபோதுதான் தெரியும். எவற்றையெல்லாம் சேர்த்து எண்ணுவது என்பதைப் பொறுத்து மக்கள்தொகையில் 1.7 சதவீதம் என்றும் 0.018 சதவீதம் என்றும் ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இங்கே நான் பேசுவது பிறப்பிலேயே தெரிந்து, பெற்றோரிடம் உடனே முடிவு கேட்கப்படும் குழந்தைகளைப் பற்றி.

எதில் தாமதிக்கவே கூடாது

ஒப்பீட்டுக்குள் போகும்முன் ஒன்று. அவசரம் என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் இடம் இந்த விஷயத்தில் இருக்கிறது. அதைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்கவேண்டும்.

பால் தெளிவில்லாமல் பிறக்கும் குழந்தைகளில் அடிக்கடி காணப்படும் காரணம் கன்ஜெனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமாக சி.ஏ.எச். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவாக இருக்கும். பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. கார்ட்டிசால் உற்பத்தி தடைப்பட்டு, அதற்குப் போகவேண்டிய மூலப்பொருள், ஆண் உடலமைப்பை உருவாக்கும் ஹார்மோனான ஆண்ட்ரோஜனாக மாறும். கருப்பையும் சூலகமும் உள்ள எக்ஸ்எக்ஸ் குழந்தையின் (பொதுவாகப் பெண்களுக்கு உள்ள குரோமோசோம்) கிளிட்டோரிஸ், அதாவது பெண்ணுறுப்பின் முன்பக்கமுள்ள உணர்ச்சிமிக்க சிறு உறுப்பு, கருவிலேயே பெரிதாக வளர்வது இதனால்தான். ஆனால் ஆபத்து அங்கே இல்லை. இவர்களில் பலருக்கு, உப்பை உடம்பில் தக்கவைக்கும் அல்டோஸ்டீரோன் ஹார்மோனும் போதாது. உடம்பின் உப்பு சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். பிறந்த முதல் மூன்று வாரங்களுக்குள் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், எடை இறங்கும், துவண்டு போகும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும்.

ஆகவே இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பதும், ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் உப்பும் கொடுக்கத் தொடங்குவதும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதவை. இந்த மருந்து வாழ்நாள் முழுக்கத் தொடரவேண்டும். சிறுநீர் வெளியேற வழியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு அறுவை சிகிச்சையும் உடனே வேண்டும். இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சிக்கல் என்னவென்றால், உயிர் காக்கும் சிகிச்சையின் பதற்றம் அப்படியே தோற்றத்தை மாற்றும் அறுவைக்கும் தொற்றிக்கொள்கிறது. ஒரே மருத்துவமனை, ஒரே வாரம், ஒரே பயம். உப்புக் குறைவு குழந்தையைக் கொல்லும். பெரிய கிளிட்டோரிஸ் யாரையும் கொல்லாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பெற்றோரின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

சீக்கிரமே அறுத்துச் சரிசெய்துவிடுவது

இதுதான் நீண்ட காலம் ஒரே வழியாகச் சொல்லப்பட்டது. 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மணி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார்கள். ஆணாகவோ பெண்ணாகவோ தன்னை உணர்வது வளர்ப்பைப் பொறுத்தது. முதல் இரண்டு வயதுக்குள் உறுப்பைத் திருத்தி, பெற்றோர் சிறிதும் தயங்காமல் வளர்த்தால், பிள்ளை அந்தப் பாலாகவே வளரும் என்றார்கள். அதற்கு ஒரு நிபந்தனை மௌனம். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லக்கூடாது. ஆணுறுப்பைக் கட்டியெழுப்புவதைவிடப் பெண்ணுறுப்பாக மாற்றுவது அறுவை மேசையில் எளிது என்பதால், சிறிய ஆணுறுப்புடன் பிறந்த பல எக்ஸ்ஒய் குழந்தைகள் (பொதுவாக ஆண்களுக்கு உள்ள குரோமோசோம்) விரைகள் நீக்கப்பட்டுப் பெண்ணாக வளர்க்கப்பட்டார்கள்.

இந்தக் கோட்பாட்டுக்குச் சான்றாகப் பல ஆண்டுகள் காட்டப்பட்டவர் டேவிட் ரைமர். கனடாவில் 1965இல் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். அவர் ஊடுபால் அல்ல. சுன்னத்து அறுவையில் நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்த குழந்தை. மணியின் அறிவுரைப்படி விரைகள் அகற்றப்பட்டுப் பெண்ணாக வளர்க்கப்பட்டார். பதின்ம வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997இல் இதை வெளியிட்ட பிறகுதான் வெற்றிக்கதை என்று சொல்லப்பட்டது தோல்வி என்று உலகுக்குத் தெரிந்தது. 2004இல் ரைமர் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரைனர், கியர்ஹார்ட் இருவரும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிவயிறு மூடாமல், ஆணுறுப்பும் சரியாக உருவாகாமல் இருக்கும் குளோயேக்கல் எக்ஸ்ட்ரோஃபி என்ற கடுமையான பிறவிக் குறையோடு பிறந்த 16 எக்ஸ்ஒய் குழந்தைகள். அவர்களில் 14 பேர் பிறந்த உடனேயே அறுவை செய்யப்பட்டுச் சட்டப்படியும் பெண்ணாக்கப்பட்டவர்கள். அந்த 14 பேரில் 8 பேர் பின்னால் தங்களை ஆண் என்று அறிவித்தார்கள். அறுவைக்கு ஒத்துக்கொள்ளாத பெற்றோரின் இரண்டு பிள்ளைகள் ஆணாகவே இருந்தார்கள். வளர்ப்பு எல்லாவற்றையும் எழுதிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இன்று சீக்கிர அறுவையை ஆதரிப்பவர்கள் மணியின் வாதத்தைச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது வேறு. அதையும் மதித்துக் கேட்கவேண்டும். குழந்தையின் திசு எளிதில் ஆறும், வலி நினைவில் நிற்காது என்கிறார்கள். உறுப்பு வித்தியாசமாக இருந்தால் பள்ளியில் கேலிக்கு ஆளாகும், பெற்றோரே பிள்ளையை விலகிப் பார்ப்பார்கள் என்கிறார்கள். பதின்ம வயதில் அந்தரங்க உறுப்பில் அறுவை செய்துகொள்வது எவ்வளவு கூச்சமும் அச்சமும் தரும் என்று கேட்கிறார்கள். சி.ஏ.எச். உள்ள பெண்களிடம் நடத்திய சில ஆய்வுகளில் கணிசமானோர், சிறுவயதிலேயே செய்ததே நல்லது என்று சொல்லியுமிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அறுவையின் பலனை அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? லண்டனில் கிரைட்டனும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பருவத்தில் பெண்ணுறுப்பாக்கும் அறுவை செய்யப்பட்ட 44 பதின்வயதினரைப் பரிசோதித்தார்கள். 43 பேருக்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. 18 பேருக்குத் தோற்றம் மோசமாக இருந்தது. எந்தத் தோற்றத்துக்காக அறுவை நடந்ததோ அதுவே கிட்டவில்லை. ஒரே அறுவையில் முடிந்துவிடும் என்று திட்டமிடப்பட்ட 26 பேரில் 23 பேருக்கு மீண்டும் பெரிய அறுவை வேண்டியிருந்தது. 2003இல் மின்ட்டோ குழுவினர் பாலுறவு அனுபவமுள்ள 28 பேரைக் கேட்டார்கள். கிளிட்டோரிஸில் அறுவை செய்யப்பட்ட 18 பேரில் 39 சதவீதத்தினருக்கு உச்ச இன்பம் எட்டவே இல்லை. அறுவை செய்யாத 10 பேரில் அப்படி ஒருவர்கூட இல்லை.

இவை சிறிய ஆய்வுகள், பழைய அறுவை முறைகள், இப்போது நரம்பைக் காக்கும் நுட்பம் வந்துவிட்டது என்று அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். நுட்பம் முன்னேறியிருப்பது உண்மைதான். ஆனால் கைக்குழந்தைக்குச் செய்த அறுவையின் பாலுறவுப் பலன் தெரிய இருபது ஆண்டுகள் ஆகும். முடிவு வெளிவரும்போது அந்த முறை எப்போதுமே பழையதாகியிருக்கும். ஒவ்வொரு தலைமுறைப் பெற்றோரிடமும் "இது புது முறை" என்றே சொல்லலாம். எந்தத் தலைமுறைக்கும் உறுதி தரமுடியாது. இந்த வாதத்தின் முன் எனக்கு நிம்மதி வருவதில்லை.

யோனிப் பாதையைக் குழந்தைப் பருவத்தில் அமைத்தால் அது சுருங்காமலிருக்க விரிப்பானைச் செலுத்தவேண்டி வரலாம். ஏன் என்று புரியாத பிள்ளைக்கு, பெற்ற தாயே அதைச் செய்யவேண்டிய நிலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஆண் பக்கமும் இதே கதைதான். சிறுநீர்த் துவாரம் நுனிக்குக் கீழே அமைந்த ஆண் குழந்தைகளுக்கு அதை நுனிக்கு நகர்த்தும் அறுவையில் துளை விழுவது, குறுகுவது, மறுபடி மறுபடி அறுவை என்று போனவர்கள் உண்டு.

பெயர் வைத்து, வளர்த்து, காத்திருப்பது

இரண்டாவது வழியைச் சும்மா இருப்பது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அப்படியல்ல. நோயறிதல் முழுமையாக நடக்கும், மருந்து நடக்கும், பால் முடிவும் நடக்கும். நடக்காதது தோற்றத்துக்கான அறுவை மட்டும்.

பாலை எப்படித் தீர்மானிப்பது? கண்ணால் பார்த்தல்ல, காரணத்தைக் கண்டறிந்து. எந்தக் காரணத்தோடு பிறந்தவர்கள் வளர்ந்தபின் தங்களை எப்படி உணர்ந்தார்கள் என்ற அனுபவம் இப்போது ஓரளவு சேர்ந்திருக்கிறது. சி.ஏ.எச். உள்ள எக்ஸ்எக்ஸ் குழந்தைகளில், பெண்ணாக வளர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் பெண்ணாகவே தொடர்கிறார்கள். உடல் ஆண்ட்ரோஜனுக்கு முற்றிலும் செவிசாய்க்காத எக்ஸ்ஒய் குழந்தைகள் அநேகமாக எல்லோருமே தங்களைப் பெண்ணாக உணர்கிறார்கள். ஆனால் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி குறைந்த எக்ஸ்ஒய் குழந்தைகள் கதை வேறு. டொமினிக்கன் குடியரசில் இத்தகைய குடும்பங்களைப் பற்றி 1974இல் இம்பெராட்டோ-மெக்கின்லி எழுதியபோதே உலகம் வியந்தது: பெண்ணாக வளர்ந்தவர்கள் பருவ வயதில் குரல் உடைந்து, உடல் மாறி, ஆணாக வாழத் தொடங்கினார்கள். பெண்ணாக வளர்க்கப்படும் இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னால் ஆணாக மாறிக்கொள்வதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இந்தக் குழந்தைக்குக் கைக்குழந்தையிலேயே பெண்ணுறுப்பு அமைத்துவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே பிறப்பில் சொல்லும் பால் ஒரு கணிப்பு. சில காரணங்களில் மிக நல்ல கணிப்பு, சிலவற்றில் பாதிக்குப் பாதி. 95 சதவீதம் என்பதைக் கேட்டு, அப்படியானால் அறுத்துவிடலாமே என்பவர்களுக்கு என் பதில்: அந்த 95 பேருக்கும் அறுவை தேவை என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. பெண்ணாக உணர்வதற்குக் கிளிட்டோரிஸ் சிறிதாக இருக்கவேண்டும் என்ற விதி எங்கே இருக்கிறது?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதை யார் மறைத்தாலும் பெற்றோருக்கு அநீதி. பிள்ளையை யாரிடம் விட்டாலும் துணி மாற்றும்போது பார்ப்பார்களே என்ற கவலை தினமும் வரும். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, பள்ளிக் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றையும் யோசித்தாக வேண்டும். அறுவை செய்யாமல் வளர்ந்தவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளும் குறைவு. இதை அறுவை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் நலமான திசுவை வெட்ட விரும்புகிறவர்தான் நன்மையை நிரூபிக்கவேண்டும். வெட்டாமல் விடுகிறவர் அல்ல. மருத்துவத்தில் மற்ற எல்லா இடங்களிலும் இதுதானே முறை.

இன்னொன்று. காத்திருப்பது என்றால் காலம் நிற்கும் என்று பொருளல்ல. பருவ வயது வந்துவிடும். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைந்த பிள்ளைக்குக் குரல் உடைந்துவிட்டால் திரும்ப வராது. சி.ஏ.எச். உள்ள சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் இரத்தம் வெளியேற வழி சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். ஆகவே ஒன்பது பத்து வயதிலேயே பிள்ளையோடு பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். பருவ மாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் மருந்து, தேவைப்படுவோர்க்கு யோசிக்க அவகாசம் தரும். பத்து வயதுப் பிள்ளையின் சொல்லும் கைக்குழந்தையின் மௌனமும் ஒன்றல்ல.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லும் ரகசியமாக இதை ஆக்கவே கூடாது. மூன்று வயதில் குளிக்கும்போது, "எல்லோர் உடம்பும் ஒரே மாதிரி இருக்காது, உன் உடம்பு இப்படி" என்பது போதும். ஏழு வயதில் மாத்திரை ஏன் என்று சொல்லலாம். பன்னிரண்டில் நோயறிதலின் பெயரே தெரிந்திருக்கலாம். சிறுவயதில் அறுவை செய்யப்பட்டு வளர்ந்தவர்கள் பேசும்போது, தழும்பைவிட ஆறாத காயமாகப் பலர் சொல்வது வீட்டில் இருந்த மௌனத்தைத்தான். நம்மிடம் சொல்லவே முடியாத அளவுக்கு அசிங்கமானது ஏதோ நம் உடம்பில் இருக்கிறது என்று அவர்கள் தாங்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள். ஒரே நிலையிலுள்ள வேறு குடும்பத்தைச் சந்திப்பது மருந்து மாதிரி உதவும். மருத்துவமனை அதற்கு ஏற்பாடு செய்யவேண்டும்.

எந்தப் பாலும் சொல்லாமல் விடுவது

ஏன் ஏதோ ஒரு பாலைச் சொல்லவேண்டும், காலியாக விடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனி 2013இல் பிறப்புப் பதிவில் பாலைக் காலியாக விடவேண்டும் என்றே சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்கு ஊர் முழுக்க அடையாளம் ஒட்டிவிடுவார்களே என்ற பயத்தில் பெற்றோர் அறுவைக்கு ஓடுவார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. 2018 முடிவில் வேறு என்ற தனிப்பிரிவும் அங்கே வந்தது. வளர்ந்தவர் தானே தேர்ந்தெடுக்கும்போது அது அருமையான உரிமை. கைக்குழந்தை மேல் சுமத்தும்போது அப்படி இல்லை. 2013இல் மால்ட்டாவில் கூடிய சர்வதேச ஊடுபால் மாநாட்டின் பிரகடனமே, குழந்தைகளை ஆண் அல்லது பெண் என்று பதிவுசெய்யுங்கள், வளர்ந்தபின் வேறாக உணரக்கூடும் என்ற தெளிவோடு செய்யுங்கள் என்கிறது. அவர்களே சொல்லும்போது நான் சேர்க்க ஒன்றுமில்லை.

விரையும் சூலகமும்: இது தனிக் கணக்கு

தோற்றத்துக்கான அறுவையும் பாலினச் சுரப்பிகளை அகற்றுவதும் ஒரே ஒப்புதல் படிவத்தில் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

சுரப்பியை எடுக்கச் சொல்லும் காரணம் புற்றுநோய் பயம். சில நிலைகளில் அது நிஜமான பயம். ஒய் குரோமோசோம் இருந்து, சுரப்பி சரியாக உருவாகாமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் எடுப்பதே நல்லது. ஆனால் ஆண்ட்ரோஜனுக்கு முற்றிலும் செவிசாய்க்காத உடலில் உள்ள விரைகளில் பருவத்துக்கு முன் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அவை சுரக்கும் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி, அந்தப் பெண்ணுக்கு இயற்கையாகவே பருவ வளர்ச்சியைத் தரும். எடுத்துவிட்டால் எலும்பு வலுவுக்காகவும் மற்றவற்றுக்காகவும் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் எடுக்கவேண்டும். முன்பெல்லாம் இந்த வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் எடுத்தார்கள். வளர்ந்தபின் பல பெண்களுக்குச் "சூலகத்தில் கட்டி இருந்தது, எடுத்தோம்" என்றே சொல்லிவைத்தார்கள். கருத்தரிக்கும் அல்லது கருத்தரிக்கச் செய்யும் வாய்ப்பு சிலருக்கு அதோடு போனது.

யார் முடிவெடுப்பது

பெற்றோர் பிள்ளைக்காக எத்தனையோ முடிவெடுக்கிறார்கள். தடுப்பூசி போடுகிறார்கள், உதட்டுப் பிளவைத் தைக்கச் சொல்கிறார்கள். இதை மட்டும் ஏன் விலக்கவேண்டும்? பிளவுபட்ட உதடு பால் குடிப்பதையும் பேசுவதையும் தடுக்கிறது. அதைத் தைப்பதால் பிள்ளை நாளை தன்னை யாராக உணரும் என்பதில் பந்தயம் எதுவும் கட்டப்படுவதில்லை, எந்த இன்பமும் பறிபோவதுமில்லை. கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 1999இலேயே இதை உணர்ந்து, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்காகப் பெற்றோர் மட்டும் ஒப்புதல் தரமுடியாது என்றது; இளைய குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் அவசரமில்லாத, திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்த ஒப்புதல் வேண்டும் என்றது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தந்த தீர்ப்பு அதற்கு மேலும் ஓர் அடி போனது. பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ளமுடியாது என்று சொல்லி, ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவையைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி செய்யக்கூடாது என்று அரசாணை எண் 355 வெளியிட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் இதுதான். கோபி சங்கர் போன்ற ஊடுபால் செயற்பாட்டாளர்களின் உழைப்பு அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்னும் பலருக்கு இது தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

மால்ட்டா 2015இலேயே தடைசெய்துவிட்டது. பிறகு போர்ச்சுகல், ஐஸ்லாந்து, ஜெர்மனி, கிரேக்கம், ஸ்பெயின் என ஒவ்வொன்றாக வந்தன. கிரேக்கச் சட்டம் 15 வயதைக் கோடாக வைத்தது, ஸ்பெயின் 12 வயதை. ஜெர்மனியில் விதிவிலக்கு வேண்டுமானால் குடும்ப நீதிமன்றம் போகவேண்டும். ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2024 ஏப்ரலில் ஊடுபால் மக்களுக்காக முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது.

சட்டத் தடைக்கு மாற்றாகப் பல மருத்துவர்கள் முன்வைப்பது நிபுணர் குழு. 2006இல் வெளியான சிகாகோ கருத்தொருமிப்பு அறிக்கை இதைத்தான் சொன்னது: ஹார்மோன் மருத்துவர், அறுவை மருத்துவர், உளவியலாளர் எனப் பலர் கூடி ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகப் பார்க்கட்டும். ரகசியத்தை ஒழித்ததில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் குழுவிலிருக்கும் எல்லோரும் அதே மருத்துவமனைக்காரர்களாக இருந்து, எதிரே கலங்கிப்போன பெற்றோர் உட்கார்ந்திருந்தால் முடிவு எப்படிப் போகும்? அமெரிக்காவின் முன்னாள் தலைமை மருத்துவ அதிகாரிகள் மூவர், ஜாய்செலின் எல்டர்ஸ், டேவிட் சாட்சர், ரிச்சர்ட் கார்மோனா, 2017இல் கூட்டாக எழுதி, தோற்றத்துக்கான அறுவைகள் காத்திருக்கட்டும் என்றார்கள். 2020இல் சிகாகோவின் லூரி குழந்தைகள் மருத்துவமனை, தான் முன்பு செய்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டது. குழுமுறை நன்றாக நடந்திருந்தால் அந்த மன்னிப்புக்குத் தேவை வந்திருக்காது.

அதனால் எனக்குச் சட்டமே மேல் என்று படுகிறது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. "ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணல?" என்று மாமியாரோ பெரியப்பாவோ கேட்கும்போது, சட்டம் அனுமதிக்கவில்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடலாம், தாய் தனியாக நின்று வாதாட வேண்டியதில்லை. சட்டத்தின் ஓட்டை விதிவிலக்கில்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று எழுதினால் கதவு குறுகலானது. மருத்துவத் தேவை என்று பொதுவாக எழுதினால் எதையும் அதற்குள் நுழைக்கலாம். எதிர்காலக் கேலியைக்கூட உளவியல் தேவை என்று சொல்லிவிடலாம்.

மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு

நோயறிதலின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள். குரோமோசோம் அறிக்கை, ஹார்மோன் அளவுகள், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். அறுவை பரிந்துரைத்தால் கேளுங்கள்: செய்யாவிட்டால் அடுத்த ஓர் ஆண்டில் உடலுக்கு என்ன ஆகும்? பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது செய்தால் எதை இழப்போம்? இதே அறுவை இங்கே எத்தனை பேருக்கு நடந்தது, அவர்களில் இப்போது பெரியவர்களான எத்தனை பேரை நீங்கள் பின்தொடர்ந்திருக்கிறீர்கள்? உணர்ச்சி இழப்பு எத்தனை பேருக்கு? நீக்கும் திசு எது, அதை நோயியல் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? இதே நோயறிதலோடு வளர்ந்த ஒருவரை நாங்கள் சந்திக்கமுடியுமா?

பயிற்சி மருத்துவர்கள் வரிசையாக வந்து பிள்ளையின் துணியை விலக்கிப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயரைப் பொறுத்தவரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்று வைத்தால் பின்னால் மாற்றவேண்டிய தாள்கள் குறையும். உறவினர்களிடம் "ஹார்மோன் சோதனை நடக்குது, குழந்தை நல்லா இருக்கு" என்பது போதும்; அதில் பொய் எதுவுமில்லை.

மேலே உள்ள கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர மறுக்கும் இடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். உப்பும் ஹைட்ரோகார்ட்டிசோனும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், சிறுநீர் தடையின்றி வெளியேறினால், தோற்றத்துக்கான அறுவை பற்றி வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகளே இருக்கின்றன.